முக்கா

மலாயில் முக்கா என்றால் முகம்.
நமக்கு முக்கா என்றால் முக்கால்.
பினாங்கின் வடமேற்கு மூலையில்
அந்தப் பெயரில் ஒரு முனை,
அதன் உச்சியில் கலங்கரை விளக்கம்.
கலைமலர்தான் படத்தை அனுப்பினாள்:
சாம்பல் கடலில் ஒரு கறுப்புக் கோடு,
கீழே, 'திமிங்கிலம், நேற்று மாலை.'
அனுப்பியவருக்கு அனுப்பியவர் யாரென்று
அவளுக்கும் தெரியாது.

பாயான் லெப்பாஸில்
பத்தொன்பது வருடமாக என் வேலை
நுண்ணோக்கியில் சில்லுகளைப் பார்ப்பது.
மயிரிழையைவிட மெல்லிய கீறல்
இருந்தால் சிவப்புப் பெட்டி,
இல்லாவிட்டால் பச்சை.
போன மாதம் மூன்று கீறலைப்
பச்சையில் போட்டுவிட்டேன்.
கிளினிக் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்தார்.
"தூரமாக எதையாவது பாருங்கள் அக்கா,
கிட்டத்தில் உள்ளதையே பார்த்துப் பார்த்து
முக்கால் பார்வைதான் மிச்சம்."
தூரத்துக்கு எங்கே போவேன்?
என் வீட்டு ஜன்னலுக்கு எதிரே
இன்னொரு வீட்டு ஜன்னல்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை, நூற்று இரண்டாம் நம்பர் பஸ்.
தெலுக் பஹாங்கில் ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக்.
ஒன்றைக் குரங்கு வாங்கிக்கொண்டது.
(வாங்கிக்கொண்டது என்பது மரியாதைக்கு.)
மணல் முடிந்ததும் செங்குத்தான ஏற்றம்.
வேரைப் பிடித்து, கயிற்றைப் பிடித்து,
கடைசியில் கலைமலரின் பையைப் பிடித்து ஏறினேன்.
அவளுக்கு முப்பத்தொன்று; பேசிக்கொண்டே ஏறுகிறாள்:
"திமி என்று ஒரு பெருமீனாம்.
அதை விழுங்குவது திமிங்கிலம்.
அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம்.
அகராதியில் இருக்கிறது."
"அதை விழுங்குவது?"
"அகராதி அதோடு நின்றுவிட்டது."

மேலே வெள்ளைக் கோபுரம், இரும்புச் சுழற்படி.
காவலர் ருஸ்லான் பதிவேட்டை நீட்டினார்.
பெயர், அடையாள அட்டை எண், வந்த நோக்கம்.
திமிங்கிலம் என்று எழுதினேன்.
எனக்கு மேலே பதினொரு வரியிலும் அதுவே,
அவரவர் எழுத்தில்.
"பார்த்தார்களா?"
"இத்தனை படி ஏறியவர்கள்
ஏதோ ஒன்றைப் பார்க்காமல் இறங்குவதில்லை" என்றார்,
பேனாவைத் திரும்ப வாங்கியபடி.

கடல்.
இவ்வளவு என்று நான் நினைக்கவில்லை.
கண் முதலில் அதை ஏற்கவே இல்லை;
பழக்கத்தில் வலது கை
காற்றில் திருகு தேடியது.
எங்களுக்குக் கீழே ஒரு கழுகு பறந்தது.
கழுகின் முதுகை அன்றுதான் பார்த்தேன்.
மீன்கூண்டுகளின் சதுரம் சதுரம்,
ஒரு நெத்திலிப் படகு.
கறுப்பாய் ஒன்று. டிரம்.
மறுபடி ஒன்று. மேகத்தின் நிழல்.
மறுபடி, ஆனால் அது என் கண்ணுக்குள் மிதக்கும் தூசி.

பெட்டிமேல் பெட்டியாய் ஒரு கப்பல் போனது.
"அக்கா, திமிங்கிலகிலம்!" என்றாள்.
எங்கள் சில்லுகள் விமானத்தில் போகும், தெரியும்.
இருந்தாலும் அதன் வயிற்றில் என் மூன்று கீறல்
படுத்திருப்பதாகவே பட்டது.

அவள் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தாள்.

கப்பல் போன தடத்துக்கு அப்பால்
காற்றில்லாமல் தண்ணீர் மடிந்தது.
நனைந்த கற்பலகை போல ஒரு வளைவு,
அவசரமே இல்லாமல் எழுந்து,
எழுந்துகொண்டே இருந்து,
சின்னதாய் ஒரு துடுப்பைக் கடைசியில் காட்டிவிட்டு
உள்ளே போனது.
கடல் மூடிக்கொண்டது,
ஒரு கீறல் இல்லை.

"என்ன அக்கா?"
வாய் திறந்தேன். திமி என்பது வரை வந்தது.
"கயிறை இறுக்கிக் கட்டு, இறக்கம் வழுக்கும்" என்றேன்.
இன்றுவரை ஏன் என்று தெரியாது.

ருஸ்லான் இறங்கும் நேரம் குறித்தார், மூன்று நாற்பது.
என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கண் சோதனை.
அட்டையின் கடைசி வரி தெரிகிறதா என்பார்கள்.
பஸ்ஸில் கலைமலர் என் தோளில் தூங்கிவிட்டாள்.
பத்து ஃபெரிங்கி வரைக்கும்
கடல் தெரிகிற வளைவு வரும்போதெல்லாம்
தோளை அசைக்காமல்
கழுத்தை மட்டும் திருப்பினேன்.