பா, லாம், நூன்

ஹவல்லியில் ஆகஸ்ட். ஏசி மூச்சு வாங்கும் கடை.
பாசுமதி அரிசிப் பையில் சுருட்டி
மிஷாரி கொண்டுவந்தது ஒரு ஸக்ர் கணினி,
எண்பத்தேழோ எட்டோ.
ஸக்ர் என்றால் பாறை.
பாறைதான். எடைக்குப் போட்டால் ஒரு தினார் தேறாது.
கூடவே ஒரே ஒரு பிளாப்பி.
சீட்டில் மை பழுத்து: சம்பளம், ஜூலை 90.

அந்த மாதத்தையும் அந்த வருடத்தையும்
பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால்
இங்கே யாரும் மேலே கேட்பதில்லை.
அவன்தான் சொன்னான்.
அப்பாவின் பாத்திரக் கடை.
சம்பளம் சனிக்கிழமை என்று இருந்ததாம்.
வியாழன் விடிந்தபோது
சனிக்கிழமையே இல்லாமல் போனது.

திறந்தேன்.
மோட்டார் ஓடுகிறது, தட்டு ஓடவில்லை.
ஹெட் மட்டும் தடம் பூஜ்யம் தேடிப் போய்
டக் டக் டக்கென்று சுவரில் முட்டுகிறது.
நடுவில் இருக்க வேண்டிய பெல்ட்
தாராக உருகிக் கிடந்தது.
விரலில் பட்டால் மூன்று குளியலுக்குப் போகாது.

ரப்பர் பேண்ட் போட்டேன், வழுக்கியது.
குழாய் வாஷர் போட்டேன், மோட்டார் முனகியது.
எதிர்ச்சந்து மொக்லெஸ், சில்ஹெட்காரர்,
செத்த டேப் ரெக்கார்டர்களைப் பிரித்துவைத்திருக்கிறார்.
ஒன்பதாவது பெல்ட் பொருந்தியது.
காசு வேண்டாமென்றார், ஒரு சார்ஜர் எடுத்துக்கொண்டார்.
ஹெட்டைத் துடைக்க ஐசோபுரொப்பைல்.
இந்த ஊரில் ஆல்கஹால் என்பதை
மருந்துக் கடையிலும் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் சொல்வேன்.

இனி வேகம். நிமிடத்துக்கு முந்நூறு சுற்று.
சக்கரத்தின் அடியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள்;
வேகம் சரியானால், குழல்விளக்கின் கீழே
அவை நின்றுவிட்டதுபோல் தெரியும்.
கடை முழுக்க எல்இடி.
கழிவறைக்குப் போகும் நடையில் மட்டும்
மாற்ற மறந்த ஒரு பழைய குழல்விளக்கு.
அங்கே தரையில் உட்கார்ந்து,
செருப்புகள் என்னைத் தாண்டிப் போக,
திருகைத் திருப்பினேன்.
கோடுகள் பின்னோடின,
தயங்கின,
நின்றன.
'உடம்புக்கு முடியலையா?' என்றான் சஃப்வத்.
அத்தனை வேகத்தில் ஒன்று
அசையாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணையின் முதல் பிரதி பாழ்.
இரண்டாவது பிழைத்திருந்தது.
எதையும் நம்பாத எவனோ ஒருவன்
எல்லாவற்றையும் இரண்டாக எழுதச் சொல்லியிருக்கிறான்,
அவன் வீட்டில் விளக்கெரியட்டும்.

திரையில் அரபியில் பதினோரு வரி.
பத்துப் பேர் முழுசாக வந்தார்கள்.
பதினோராவது, தடம் முப்பத்தேழு, செக்டர் நான்கு:
பா, லாம், நூன்,
அப்புறம் குப்பை,
அப்புறம் தொண்ணூற்றைந்து தினார், தெளிவாக.

அரபியில் ழ கிடையாது, குறிலை எழுத மாட்டார்கள்.
பழனியாக இருக்கலாம். பாலனாக.
யாழ்ப்பாணத்துப் புலேந்திரனாக.
பிள்ளைநாயகம் என்றொருவர்
எங்கள் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தார்.
பிலால் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

ஹெட்டை மயிரிழை தள்ளி
அதே செக்டரைத் திரும்பத் திரும்பப் படிக்கவிட்டேன்.
முப்பத்தொன்றாவது முறை நூனுக்குப் பின் ஒரு யா.
பழனி!
முப்பத்திரண்டாவது முறை அது தால்.
புலேந்திரன்.
முப்பத்துமூன்றில் யாருமில்லை.

'இன்னொரு முறை' என்றான் மிஷாரி.
பிளாப்பியை வெளியே எடுத்துக் காட்டினேன்.
காந்தப் பூச்சில் நூல்போல ஒரு வளையம்
வெளிச்சம் விட்டுக் கிடந்தது.
படிக்கப் படிக்க ஆள் உதிர்கிறார்.

ரசீது எழுதினேன்:
டிரைவ் சரி. பெல்ட் மாற்றியது. பெயர்கள் பத்து.
மிஷாரி என் பேனாவை வாங்கி
பத்தை அடித்துப் பதினொன்று என்று எழுதினான்.
பிறகு, பெல்ட்டுக்கு எவ்வளவு என்றான்.
சார்ஜர் ஒன்று என்றேன்.