குறட்டை

அந்த வருடம் எனக்கு வேலை கிடைத்தது.
எங்கள் மலையில் எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர்.
பாதிரியார் வரமாட்டார்,
ஒருவருக்குக் கண் போய்விட்டது,
இன்னொருவன் காலையிலேயே சாராயத்தில் மிதப்பான்.
ஆகவே நான், ஒரேலுஸ்:
சட்டைப் பையில் பேனா, கையில் சீட்டுப் புத்தகம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய நாட்டுக்கு
ஹெய்ட்டியின் பன்றிகளைப் பார்த்துப் பயம்.
காய்ச்சல் நீந்தி வந்துவிடுமாம்,
எங்கள் ஆட்களையே நீந்தவிடாத கடலில்.
ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்றார்கள்.
தலைநகரில் தலையாட்டினார்கள்.
தலையாட்டத்தானே தலைநகர்.

கறுத்த, குட்டையான, முதுகு மயிர் சிலிர்த்த பன்றிகள்.
மாங்கொட்டை, கரும்புச் சக்கை, நாங்கள் கழித்தது,
எது கிடைத்தாலும் தின்னும்.
யாரும் அவற்றுக்குச் சோறு போட்டதில்லை;
அவைதான் எங்களுக்குப் போட்டன.
பள்ளிக்கூடம் திறந்தால் ஒன்று போகும்,
பிணம் விழுந்தால் ஒன்று.
டெரான்சியாவின் கல்யாண உடுப்பு
இரண்டரைப் பன்றி.
அந்த அரை இன்னும் கடனில் நிற்கிறது.

முற்றம் முற்றமாக எழுதினேன்:
பெயர். எண்ணிக்கை. எடை, கண்மதிப்பாக.
குழி முன்னாடியே வெட்டியிருக்கும்.
மேலே சுண்ணாம்பு.
சீட்டை மூன்றாய் மடித்து
பைபிளுக்குள் வைத்தார்கள்.
பணம் சிலருக்கு வந்தது.
சீட்டு எல்லோரிடமும் இருக்கிறது.

இலோமென் வாசலில் நின்று
"இங்கே இல்லை" என்றாள்.
கட்டிலுக்கடியில் ஏதோ உறுமியது.
சிப்பாய் என்னைப் பார்த்தான்.
"என் புருஷன். ராத்திரி வேலை. குறட்டை விடுகிறான்."
அவள் புருஷன் எல்லை தாண்டிக்
கரும்பு வெட்டப் போய் மூன்று வருடம்.
சிப்பாய் வேற்றூர்க்காரன்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
முட்டை போலக் கோணிக்கொண்டு வந்தது.

அடுத்த வருடம் புதியவர்கள் வந்திறங்கினார்கள்,
விமானத்தில்.
ரோஜா நிறம், வெளுத்த இமை.
வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், ஆகவே கூரை.
சேறு ஆகாது, ஆகவே சிமெண்ட் தரை.
குடிக்க நல்ல தண்ணீர்.
தின்பதற்கு மூட்டைத் தீவனம்,
அதுவும் அங்கிருந்தே, காசுக்கு.
எங்களில் ஒருவர் வீட்டிலும் சிமெண்ட் தரை கிடையாது.
'உயர்திரு' என்றே கூப்பிட்டோம்.
உயர்திரு குளித்தாயிற்றா?
உயர்திருவுக்குப் பசிக்குமே?
பாதிரியாரே சிரித்தார்.

இலோமெனின் பன்றி சிரிக்கவில்லை.
ஆணைத் தேடும் பருவம் அதற்கு.
மலை முழுக்க ஒரு ஆண் இல்லை,
எல்லாவற்றையும் நான்தானே எழுதினேன்.
மூன்று இரவு கத்தியது.
"குறட்டைக்காரருக்கு உடம்புக்கு ஆகவில்லையா?"
என்று ஊற்றடியில் கேட்டேன்.
அவள் வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு
என் இடுப்பைப் பார்த்தாள்.
அங்கேதான் தொங்கும் சாவி,
கூட்டுறவுக் கொட்டகைச் சாவி.

நாலாம் இரவு சத்தம் இல்லை.

நூற்றுப் பதினாலு நாள்.
ஆறு குட்டி. இரண்டு அன்றே செத்தன.
மீதி நாலும் கறுப்பில் ரோஜாத் திட்டு,
ரோஜாவில் கறுப்பு.
சேற்றில் புரண்டன, மாங்கொட்டை கடித்தன,
உச்சி வெயிலில் மட்டும்
ஒன்று நிழலுக்கு ஓடியது.

ஆய்வுக்கு வந்த வெளிநாட்டு இளைஞன்
தாளும் கையுமாகக் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.
தாளில் இரண்டே கட்டங்கள்.
"இவை எங்களுடையவையா, உங்களுடையவையா?"
மொழிபெயர்ப்பாளர் இலோமெனிடம் கேட்டார்.

தீவன மூட்டைத் துணியில் தைத்த பாவாடையில்
அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.
அந்த நாட்டின் பெயர்
தையலில் பாதி மடிந்து கிடந்தது.

"அப்பனைப் போய்க் கேட்கச் சொல்லு."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார்.
பிறகு அந்த இளைஞனிடம் என்னவோ
நீளமாகச் சொன்னார்.
அவன் மரியாதையாகத் தலையசைத்து
எழுதிக்கொண்டான்.