சாதாரணச் சொற்களில்

தலைநகரிலிருந்து வந்த ஆணை
பதினோரு பக்கம்.
கவர்னரின் கையெழுத்துக்கு மேலே
ஒற்றை வரியை மட்டும்
சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன்:
இனி ரேடியோவில் எண்கள் வேண்டாம்,
சாதாரணச் சொற்களில் பேசவும்.

ஐடஹோவின் இந்தத் தென்மேற்கு மூலையில்
பத்து-முப்பத்தொன்று என்றால்
தண்ணீர் தீர்ந்தது, ஆபத்து.
ஆற்றுக்கு அந்தப் பக்கக் கவுண்டியில்
அதே எண்ணுக்கு
நலம், அவசரமில்லை.
வனத்துறைக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது.
முப்பது வருடம்
ஒரே வானத்தில் மூன்று பாஷை பேசினோம்.

ஓரின் ஹெல்ம் மூன்று முறை கூப்பிட்டான் அன்றிரவு.
மலை மறைத்ததால் அவன் குரல்
எங்களுக்கு எட்டவில்லை, அவர்களுக்கு எட்டியது.
முதல் முறை பத்து-முப்பத்தொன்று.
இரண்டாம் முறையும் அதுவே.
மூன்றாம் முறை குரல் பிளந்திருந்தது,
எண் பிளக்கவில்லை.
எண்ணுக்கு ஏது தொண்டை?
அந்தப் பக்கத்து மேசையில் ஒருத்தி
"நலம்" என்று எழுதி
நேரத்தையும் குறித்துவைத்தாள்.

விடிந்ததும் பார்த்தார்கள்,
லாரி சாலையை நோக்கித் திரும்பி நின்றது.
வழி தெரிந்தவன்தான்.

விசாரணை பதினான்கு மாதம் நடந்தது.
"முகமைகளுக்கிடையே தொடர்பாடல் ஒத்திசைவின்மை"
என்று முடித்தார்கள்.
ஆறடி மனிதனைப் புதைக்க
அவ்வளவு நீளம் தேவைப்பட்டிருக்கிறது.

பயிற்சி, பள்ளிக்கூட ஜிம்மில்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே
வண்ண வண்ண மேலாடைகளைப் பரப்பினார்கள்.
தளபதிக்கு வெள்ளை, பாதுகாப்புக்குப் பச்சை.
ஒருவருக்குக் கீழே ஐந்து பேர்,
ஏழைத் தாண்டக் கூடாது.
யாருக்கும் இரண்டு மேலதிகாரி கிடையாது.
ஷெரிப் டாலிவர் கைகளைக் கட்டிக்கொண்டு
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்,
வெள்ளை தனக்கு அளவு சரியில்லையாம்.
பெனாட் இரியார்ட்டே எழுந்து கேட்டார்:
"என் ஆயிரத்து நானூறு ஆடுகளை
யாருக்குக் கீழே போடுவீர்கள்?"
ஜிம்மே சிரித்தது.
பயிற்சியாளர் சிரிக்காமல்
பலகையில் ஒரு கட்டம் வரைந்து
ஆடுகள் என்று எழுதினார்.

கஷ்டம் எதில் தெரியுமா?
கட்டங்களில் இல்லை.
இருபது வருடம் நெருப்போடு மல்லுக்கட்டியவர்கள்
மைக்கைப் பிடித்தபடி திக்கினார்கள்.
பத்து... பத்து...
எனக்கு... தண்ணீர் இல்லை.
சொல்லிவிட்டுக் காது சிவந்தார் ஒருவர்,
கடன் கேட்டவரைப் போல.

ஆகஸ்டில் மழையில்லாத மின்னல்.
காய்ந்த புல் பற்றி,
சேஜ் புதர் பற்றி,
மதியத்துக்குள் மேடு முழுக்கப் புகை.
இம்முறை இரண்டு கவுண்டிக்கும்
ஒரே கூடாரம், ஒரே மேசை.
என் பக்கத்து நாற்காலியில் வெர்னா குவிஸ்ட்.
அன்று "நலம்" என்று எழுதியவள்.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
பென்சில் சீவினோம்,
வரைபடத்தின் மூலைகளில் கல் வைத்தோம்.

ஆறு நாற்பதுக்கு ஷெரிப்
வெள்ளை மேலாடையைக் கழற்றி
வனத்துறைப் பெண்ணிடம் நீட்டினார்.
"பொறுப்பு இனி உங்களுடையது."
"ஏற்றுக்கொண்டேன்."
அவ்வளவுதான்.
வெளியே போய்
தன் ஜீப்பின் பானட்டில் சாய்ந்து
வெகு நேரம் தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எட்டரை இருக்கும்.
ரேடியோ கரகரத்தது.
அந்தப் பள்ளத்தாக்குக்கு அடுத்த பள்ளத்தாக்கு,
இளம் குரல், மூச்சு வாங்கியது:
எங்களிடம் தண்ணீர் இல்லை.
தெற்கு வழியாக வெளியே வருகிறோம்.
நான்கு பேர்.
எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசி வாக்கியத்துக்குப் படிவத்தில் இடமில்லை.
வெர்னா ஓரத்தில் எழுதினாள்,
சிறிய எழுத்தில், சொல் மாறாமல்.
திருப்பிப் படித்துக் காட்டினாள் மைக்கில்
நான்கு வரியையும்.

லாரி தெற்கு வாசலுக்கு வர
இருபத்தாறு நிமிடம் ஆனது.
அதுவரை அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.
பிறகு,
செய்தியைப் பெற்றவர் என்ற கட்டத்தில்
வழக்கமான சுருக்கொப்பம் இல்லாமல்
முழுப் பெயரை எழுதினாள்,
நடுப்பெயரையும் சேர்த்து.