மானி வாசிப்பு

டைக் வீதியில் கடல் எப்போதும் ஒரு மதில் தள்ளித்தான்.
நான் கடலைப் பார்ப்பதில்லை.
படலைக்குப் படலை குனிகிறேன்,
இரும்பு மூடியை நெம்புகிறேன்,
கண்ணாடியில் மணல் துடைத்து இலக்கத்தை எழுதுகிறேன்.
இரண்டு வீட்டுக்கு ஒரு நாய்.
நாலு வீட்டுக்கு ஒரு கேள்வி:
"தண்ணி எப்ப பிள்ளை வரும்?"

அவர்களுக்கு நான் தண்ணீர்ச்சபை.
பெயர் கேட்டவர் மனுவேல்தாசன் ஒருவர்தான்,
நாற்பத்தேழாம் இலக்கம்.
முற்றத்தில் வள்ளத்து எஞ்சின்கள் வயிறு திறந்து கிடக்கும்.
கிறீஸ் கையாலேயே குழாயைத் திருகுவார்.
"சுகிர்தா, இதைக் கேளும்."
தண்ணீருக்கு முன்னே ஒரு சீழ்க்கை வரும்.
மானியில் முள் ஓடும்.
"காத்துக்கும் பில்லா?"

மூன்று வருடம் அதே கேள்வி.
மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்பேன்.
எழுதவில்லை.

கோட்டையிலிருந்து இறங்கிய மான்கள்
மீன்சந்தைக்குப் பின்னால் காட்போட் பெட்டி தின்கின்றன.
ஒல்லாந்தன் மதில், வெள்ளைக்காரன் மதில்,
நேற்றுப் பூசிய வங்கியின் மதில்,
எந்த நிழலிலும் ஒரே அசைபோடல்.
கடற்படை முகாம் வந்தால் மட்டும்
நான் எதிர்ப்பக்கம் மாறி நடப்பேன்.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
தெரியும்.

தையில் நாற்பத்தேழுக்குப் பூட்டு.
மாசியில் தகர வேலி,
வேலியில் வரப்போகும் விடுதியின் படம்,
படத்துக் கடல் எங்கள் கடலைவிட நீலம்.
என் புத்தகத்தில்:
ஆயிரத்து நூற்று எண்பத்தாறு. வீடு பூட்டு.

ஞாயிறு நடை வேறு.
உப்புவெளி தாண்டி, விடுதிப் பலகைகள் தாண்டி,
சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஹஸ்மியா நிற்பாள்,
கழுத்தில் தொலைநோக்கி, முழங்கால் வரை சேறு.
அவள் பறவை எண்ணுகிறவள்.
எனக்குப் பறவை தெரியாது. இலக்கம் எழுதத் தெரியும்.
"நெடுங்கால் உள்ளான், அறுபத்து நாலு.
கூழைக்கடா மூணு.
இல்ல, ஒண்டு பறந்திட்டு. வெட்டுங்க."
வெட்டினேன்.
கண்டல் வேர்கள் சேற்றுக்கு மேல் மூக்கு நீட்டி நின்றன,
மூச்செடுக்க வந்தவை போல,
நாங்கள் போகட்டும் என்று.

களப்பில் போன மாதம் இல்லாத ஒரு கரை.
இரவில் டிரக்டர்கள் கொட்டியது, என்றாள்.
அதன் மேல் நடந்தோம்.
ஓட்டுத் துண்டு, பாதி யன்னல்,
சிவப்புச் சீமெந்துத் தரை, அதில் அழியாத கிறீஸ் வட்டம்.
நீலத் தகட்டில் நாற்பத்தேழு.
இத்தனை தூரம் நடந்து வந்தால்
ஊர் எனக்கு முன்னே வந்து கிடக்கிறது.

சுவரோடு பிடுங்கிய குழாய்,
குழாயில் மானி.
கழற்றி ஒப்படைத்திருக்க வேண்டும். ஒருவரும் ஒப்படைக்கவில்லை.
குனிந்தேன்.
மணல் அல்ல, சேறு. பெருவிரலால் துடைத்தேன்.
ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டு.

இரண்டு யூனிற்.
பூட்டிய வீட்டில் இரண்டாயிரம் லீற்றர்.
இடிக்க வந்த பெடியள் குளித்திருக்கலாம்.
தூசி அடங்கத் தெளித்திருக்கலாம்.
ஒருவேளை அவரே ஒரு நாள் திரும்பி வந்து
எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு
முற்றத்தில் நின்றிருக்கலாம்.
காற்றாகவும் இருக்கலாம்.

களப்பு குழாயின் ஒரு வாயால் ஏறி
மறு வாயால் வடிந்துகொண்டிருந்தது.
முள் ஒரு மயிரளவு முன்னே போனது.
பிறகு பின்னே.

"எத்தனை?" என்றாள் ஹஸ்மியா
தொலைநோக்கியிலிருந்து கண் எடுக்காமல்.
எழுதினேன்: இரண்டு.

பாலத்தில் ஏறும்போது தாளை வாங்கிப் பார்த்தாள்.
"என்ன பறவ எண்டு போடல்லயே?"
நிலாவெளி பஸ் வருது, என்றேன்.
வரவில்லை.