கோளாறுப் பதிவேடு

கோதன்பர்க் டிராம் பணிமனை, ஓய்வறை.
மைக்ரோவேவ் பக்கத்தில் நீல அட்டைப் பதிவேடு.
வண்டி எண், கோளாறு, கையொப்பம்,
கடைசியில் ‘பிற’ என்றொரு கட்டம்.
பல வருஷம் அது காலியாகத்தான் கிடந்தது.

முதலில் எழுதியது டோர்னி என்கிறார்கள்:
‘329. இடக் கதவு இறுகுகிறது.
பிற: வாரம் முழுக்க ஒரே ஜாஸ் தட்டு.
பாஸ் வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது.
மைக்ரோவேவ் மேல் வைத்திருக்கிறேன்.
சூப் சிந்தாதீர்கள்.’

மூன்று நாள் கழித்து செனாத்:
‘329. கதவு அப்படியேதான்.
பிற: மூச்சு கேட்டது.
அது டிரம்ஸ்காரருடையது.’

நான் ராக் ஆள்.
காலை நாலேகாலுக்கு வண்டி எடுப்பவளுக்கு
பியானோவின் மென்மை தாங்காது,
தூங்கிவிடுவேன்.
எழுதினேன்:
‘410. மணி ஒலிக்கவில்லை.
பிற: மூன்று கிதார், கத்துகிற ஒருத்தி,
நாற்பத்தோரு நிமிஷம்.
உருளைக்கிழங்கு தீய்ந்துபோனது, வருத்தமில்லை.’

டோர்னியின் பென்சில் ஓரத்தில் கேட்டது:
‘இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு.
நடுக் கிதார் சுருதி விலகி நிற்கிறது. வேண்டுமென்றா?’
வேண்டுமென்றுதான், என்று உடனே எழுதிவிட்டு
வீட்டுக்குப் போய்ப் பதினோரு முறை கேட்டேன்.
இல்லை.
திருத்தி எழுதவில்லை.

நாங்கள் நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை.
ஒருவர் ஏறும்போது ஒருவர் இறங்குவார்.
ஒரு தலையசைப்பு, ஈரக் கையுறை,
இருக்கையில் இன்னும் ஆறாத சூடு.

ஒருநாள் பழுதுபார்க்கும் பெரித் சிவப்பு மையில்:
‘இது இசைத்தட்டுக் கடை அல்ல.’
அதன் கீழே, இன்னும் பொடி எழுத்தில்:
‘அந்த டிரம்ஸ் தட்டு இப்போது யாரிடம்?’

இல்வா இரவு வண்டி. குறைவாக எழுதுவாள்.
அவள் வைத்தது இரட்டை ஆல்பம், பாதி உறை காலி.
‘பிற: இரண்டாவது தட்டு விவாகரத்தில் போய்விட்டது.’

அந்த டிசம்பர் முழுக்க
இல்லாத தட்டைத்தான் கேட்டோம்.
மூன்றாம் பக்கம் டிரம்பெட்டில் தொடங்கும் என்றார் செனாத்,
முன்பக்கம் அவ்வளவு நேரம் அதைப் பிடித்து வைத்திருந்ததால்.
நான்காவது, மழையில் நிறுத்திய வண்டி மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும் என்றேன்.
டோர்னிக்கு உடன்பாடில்லை.
அவர் பாதிப் பக்கத்துக்கு எழுதியதில்
329-இன் கதவு விடுபட்டுப்போனது.

பிப்ரவரியில் மையோர்னா பக்கம் ஒரு பழைய சாமான் கடையில்
மீன் சட்டிகளுக்குக் கீழே
முழு ஆல்பமும் அவருக்கு அகப்பட்டது.
மைக்ரோவேவ் மேல் வைத்தார். நாங்கள் தொடவில்லை.
அவள்தானே முதலில்.

பத்து நாள் இல்வாவின் கட்டம் காலி.
வண்டி எண் உண்டு, கையொப்பம் உண்டு.
பெரித்கூடச் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பிறகு:
‘329. கதவு சரியாகிவிட்டது.
பிற: டிரம்பெட் இல்லை. அடங்கவும் இல்லை.
நான்காம் பக்கம் முடிந்த பின்
யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள்.
அதை நாம் யாரும் ஊகிக்கவில்லை.
அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கிறேன்.’

இன்று என் முறைக்குப் பயணிகள் இரண்டே பேர்,
அவர்களும் வழியில் இறங்கிவிட்டார்கள்.
சால்ட்ஹோல்மன், கடைசி நிறுத்தம்.
கதவுகளைத் திறந்து வைத்தேன்.
கரையேற்றாத நாலைந்து படகுகள்.
கயிறுகள் கம்பத்தில் தட்டுகின்றன;
ஐந்தாக எண்ணினால் ஒன்று மிஞ்சுகிறது,
ஏழாக எண்ணினால் காற்று மாறிவிடுகிறது.

பணிமனைக்குத் திரும்பி எழுதினேன்:
‘410. மணி இன்னும் ஒலிக்கவில்லை.
பிற: சால்ட்ஹோல்மன், காலை ஐந்து நாற்பது,
மேற்குக் காற்று, நாலு நிமிஷம்.
இரவல் தர முடியாது.
போய்க் கேளுங்கள்.’