எண்பது

உல்ம் நகரில் எசல்ஸ்பெர்க் என்றால் கழுதைமலை.
கடைசி டிராம் இறங்கிப் போய்விட்டது.
வெளியே டான்யூப் பனிமூட்டம்,
அறைக்குள் எப்போதும் இருபத்தைந்து டிகிரி.

நாற்பத்தோராம் செல்லுக்கு இது
அறுநூற்றுப் பன்னிரண்டாம் சுற்று.
இயந்திரம் நிரப்புகிறது, வடிக்கிறது.
போன லித்தியம் எல்லாம் திரும்பி வருகிறது.
ஏறக்குறைய எல்லாம்.

முதல் நாளே கிராஃபைட்டின் மேல்
ஒரு தோல் படர்ந்தது.
அது படராதிருந்தால்
செல் அந்த வாரமே செத்திருக்கும்.
காப்பாற்றிய அதே தோல்தான்
சுற்றுக்கு ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்கிறது,
வாடகை மாதிரி.
ரசீது கிடையாது.

"எண்பதுக்குக் கீழே போனால்
ஆயுள் முடிந்தது என்று எழுதிவிடு"
என்பாள் கெர்லிண்டே.
போன மாதம் அவளுக்கே காது சோதித்தார்கள்.
இடது காது எழுபதாம்.
நான் முணுமுணுப்பதெல்லாம்
இன்னும் கேட்டுவிடுகிறது அவளுக்கு.

மூன்றேகால் மணி.
எழுபத்தொன்பது புள்ளி ஒன்பது.
முடிந்தது என்று எழுதி
ம. தில்லைவாணன் எனக் கையெழுத்திட்டேன்.

கவ்விகளைக் கழற்றியபோது
உள்ளங்கையில் கொஞ்சம் சூடு.
விதிப்படி அது நொறுக்கும் டப்பாவுக்குப் போக வேண்டும்.
என் சைக்கிள் விளக்குக்குள் போனது.

காட்டுப்பாதையில் குளிருக்கு மங்கிற்று,
அணையவில்லை.
ஒரு முள்ளம்பன்றிக்காக
பிரேக் பிடிக்கும் அளவுக்கு வெளிச்சம்.
பாலம் தாண்டினால் பவேரியா.
அங்கே தெருவிளக்கு உண்டு.