பூ என்றொரு கட்டம்

சனிக்கிழமை இலக்கிய வகுப்பு
சிற்றுண்டிச்சாலையில்தான் நடக்கும்.
மண்டபச் சாவி பூப்பந்துக் குழுவிடம்.
நாசி லெமாக் வாசம் போகாத மேசையில்
புறத்திணையை விரித்தோம்.

மாடு கவரப் போனால் வெட்சி.
மீட்கப் போனால் கரந்தை.
மண்ணுக்காகப் படை நடந்தால் வஞ்சி.
கோட்டையை வளைத்தால் உழிஞை,
உள்ளே நின்று காத்தால் நொச்சி.
களம் குறித்து இருவரும் மோதினால் தும்பை,
வென்றவன் தலைக்கு வாகை.
காஞ்சியில் இலக்கண நூல்களுக்குள்ளேயே சண்டை;
தேர்வில் வராது என்று தாண்டிவிட்டோம்.

அதே வாரம் வரலாற்றுப் பாடத்தில் செயல்திட்டம்:
இன்றைய உலகின் போர்கள்.
உலகப் படம் ஒன்று, அட்டவணை ஒன்று.
நாடு, ஆண்டு, காரணம்.
நான்காவதாய்ப் பூ என்றொரு கட்டம் கிழித்தவன் நான்.
"போருக்குப் பூவா?" என்றாள் மெய் சுவான்.
"சூடிக்கொண்டு போவார்கள்."
"திரும்பி வரும்போது?"
அது வேறு துறை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஹேமராஜ் மாட்டை அடித்துவிட்டு
எண்ணெய் என்று எழுதினான்.
அடுத்த வரியில் தண்ணீர்.
அதற்கடுத்து நீரிணை.
வெட்சி வெட்சி வெட்சி என்று ஓடியது பேனா;
எளிதாகத்தான் இருந்தது.
படம் வரையலாம் என்று கைப்பேசியில் வெட்சியைத் தேடினால்
பள்ளி வேலி முழுக்க அதுதான்.
ஜெஜாரும்!
ஆரம்பப் பள்ளியில் காம்பை உருவித்
தேன் உறிஞ்சித் துப்பிய பூ.
மாதம் ஒரு முறை மாநகர் மன்ற ஆள்
இயந்திரத்தால் தலை சீவிவிட்டுப் போகும் பூ.

முற்றுகைக்கு உழிஞை, சரி.
கோட்டை எங்கே?
மாவு மூட்டைக்கு வரிசையில் நிற்பவர்கள்
எந்த மதிலுக்கு உள்ளே?
குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஒருவன்
விசையைத் தட்ட,
ஆளில்லாமல் பறந்து வருகிறதே,
அவன் காலையில் எதைச் சூடிக்கொண்டு
வேலைக்குக் கிளம்புவான்?

மெய் சுவான் தன் பங்குக்கு
1941 டிசம்பர் என்று எழுதினாள்.
இதே ஜார்ஜ்டவுன் வானத்தில் விமானங்கள் வந்தபோது
ஜனம் தெருவில் இறங்கி அண்ணாந்து நின்றதாம்,
வேடிக்கை பார்க்க.
"நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு என்ன பூ?"
ஹேமராஜ் ஏட்டைப் புரட்டினான்.
நான் அழிப்பானைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

படத்தைப் பெரிதாக்க
டத்தோ கெராமாட் சாலை நகலகத்துக்குப் போனேன்.
ரோஷித் இருந்தான்.
எங்கள் வயதுதான். பள்ளியில் சேர்க்க மாட்டார்கள்.
சட்டைப்பையில் அகதி அட்டை,
காதில் பேனா.
நூற்று நாற்பத்தொரு விழுக்காடு அழுத்தினான்.
தாள் சூடாய் வந்தது.
ஓர் ஆற்றோரமாய் விரலை நகர்த்தி எதையோ தேடினான்.
"இதில் என் ஊர் இல்லை."
இருநூறுக்கு ஏற்றினான்.
எல்லைக்கோடு தடித்தது,
ஆறு மசி அப்பிக் கிடந்தது,
ஊர் அப்போதும் வரவில்லை.
"சின்ன ஊர்," என்றான்,
ஏதோ அவன் தப்புப் போல.

பிறகு மூடியைத் தூக்கி,
படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில்
கட்டைவிரலை நுழைத்து
அசையாமல் பிடித்தான்.
பச்சை ஒளி தாண்டிப் போய்த் திரும்பியது.
மூன்று நாடுகளை மறைத்துக்கொண்டு
ஒரு விரல்,
ரேகை உட்பட.
அந்தத் தாளுக்குக் காசு வாங்கவில்லை.

அதையே ஒட்டினோம்.
கடைசி வரியில்
நாட்டுக்கு மெய் சுவான் ஓர் அம்புக்குறி போட்டாள்.
ஆண்டு, ரோஷித் சொன்னது.
காரணத்தை ஹேமராஜ் மூன்று முறை அழித்து எழுதினான்,
தாள் மெலிந்து பின்பக்கம் தெரிந்தது.
பூ, காலி.

தூய்மைக்கு இரண்டு புள்ளி குறைந்திருந்தது.
விரலைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்,
பக்கத்தில் "கறை?" என்று ஆசிரியரின் கையெழுத்து.
எழுந்து விளக்கலாம் என்றுதான் இருந்தேன்.
அன்று வேலி வெட்டும் நாள்.
சன்னலுக்கு வெளியே இயந்திரம் நெருங்கி வர வர
வகுப்பில் யார் பேசியதும்
யாருக்கும் கேட்கவில்லை.